சனிக்கிழமை நிற்கிற கார்

வேப்பம்பட்டு
25.11.2024

வரதனுக்கு அக்கா பூங்காவனம் எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் பேசினதாகிவிடும். இனி உன்னோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று நிச்சயதார்த்தத்தன்று சாயங்காலமே அம்மன் சன்னதியில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை. போனில் செய்தி அனுப்பலாம் என்றால் நீ என் நம்பரையும் உன் மாமா நம்பரையும் பிளாக் செய்து வைத்திருக்கிறாய். தபால் ஆபீசில் கவர் கேட்டபோது அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எல்லாம் உன்னால்.

விஷயம் இதுதான். உன் வண்டியை வந்து எடுத்துக்கொண்டு போ.

தாய்மாமன் சீர் என்றால் ஊரில் மோதிரம் போடுவார்கள், பட்டு எடுத்துக் கொடுப்பார்கள். நீ ஒரு பழைய ஜெர்மன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாய். "எம் மருமவ கண்ணாலத்துக்கு மாப்ள வாடக வண்டில வரக் கூடாதுக்கா, இதுலதான் வர்ணும்" என்று சொன்னாய். தெருவே வந்து பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. உன் மாமாவுக்குப் பைக் தவிர வேறு ஓட்டத் தெரியாததால் நானேதான் ஓட்டினேன். ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் நீதானே.

ஆனால் நிச்சயத்தன்று பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நீ இல்லை. வேலப்பன்சாவடியிலிருந்து சம்பந்தி அம்மா ஹேமாவதியையும் அவர் வீட்டுக்காரரையும் மரியாதையாக அழைத்து வரலாம் என்று நானே போனேன். கரையான்சாவடி தாண்டியதும் வண்டி முக்கியது. அப்புறம் இருமியது. ஏரிக்கரையில் நின்றேவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். முன்னால் அந்த அம்மா பட்டுப்புடவையில் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் அவர்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் நிச்சயத்துக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்!

அந்த ஆத்திரத்தில்தான் எல்லார் முன்னாலும், "ஓட்ட வண்டிய எங்க தலைல கட்டிட்டாம்மா எந் தம்பி" என்று சொன்னேன். நீ பதிலுக்கு, "வண்டி நல்லாத்தான் கீது, உனுக்குத்தான் ஓட்டத் தெர்ல" என்று என் வீட்டிலேயே நின்று சொல்லிவிட்டு இலையைக்கூடத் தொடாமல் போய்விட்டாய். யார் யாரிடம் கோபித்துக்கொள்ள வேண்டும்?

கல்யாணம் தை கடைசி முகூர்த்தத்தில். மாப்பிள்ளை ஸ்ரீகாந்த் அந்தக் காரில் ஏற வேண்டாம், வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்து தகவல் வந்துவிட்டது. வந்து எடுத்துக்கொண்டு போ.

பூங்காவனம்

முகப்பேர்
29.11.2024

அக்காவுக்கு,

கவர் வந்தது. யாரோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள் என்று ரேணுகா பயந்தேபோனாள். பிரித்துப் பார்த்து, உன் கையெழுத்து என்றதும் இன்னும் பயந்தாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு போகமாட்டேன். கொடுத்த சீரைத் திருப்பி வாங்கின தாய்மாமனை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

அந்த வண்டி இங்கே ஒரு அடுக்குமாடியின் கீழே, டயரில் காற்றில்லாமல், மேலே பூனை குட்டி போட்டுக் கிடந்தது. சொந்தக்காரர் வெளிநாடு போய்விட்டார். கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பகலெல்லாம் அடுத்தவன் வண்டிக்கு வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த எஞ்சினை இறக்கி, பிரித்து, கழுவி, திரும்ப ஏற்றினேன். ரேணுகா என்னோடு பீச்சுக்குப் போகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். புது வண்டி வாங்கித் தர எனக்கு வக்கில்லை. ஆனால் வித்யா கல்யாணத்தில் ஒரு ராஜா வண்டி நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அதை நீ ஓட்டை வண்டி என்றாய். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் பேசாமல் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். சம்பந்தி வீட்டார் முன்னால் சொன்னாய். அந்த வார்த்தை அவர்கள் காதில் இருக்கிறவரை நான் மண்டபத்துக்குள் வரமாட்டேன். இது கற்பூரம் அடிக்காத சத்தியம்.

ஆனால் நீயும் மருமகளும் நடுரோட்டில் நிற்பது எனக்குப் பொறுக்காது. அதனால் கேட்கிறேன், ஒழுங்காகப் பதில் எழுது. "முக்குகிறது, இருமுகிறது" என்று எழுதினால் நான் என்ன கஷாயமா கொடுக்க முடியும்? காலையில் முதல் தடவை கிளப்பும்போது தகராறு செய்கிறதா, ஓடிச் சூடான பிறகா? மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா? புகைக்குழாயில் கறுப்புப் புகை வருகிறதா, வெள்ளையா? எந்த பங்கில் பெட்ரோல் போடுகிறாய்? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு. கதை வேண்டாம்.

வரதன்

வேப்பம்பட்டு
5.12.2024

வரதனுக்கு,

கதை வேண்டாமாம். யாரிடம் பேசுகிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும். உனக்குச் சோறு ஊட்டின கை இது.

மஞ்சள் விளக்கு எரிகிறது, அணைகிறது, எரிகிறது. அது எதற்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஏதோ வண்டியின் கண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புகை எல்லா வண்டியிலும் வருகிற புகைதான். நான் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறேன், பின்னால் போய் மோந்து பார்த்துக்கொண்டா ஓட்ட முடியும்? பெட்ரோல் திருநின்றவூரில் எப்போதும் போடுகிற பங்கில்தான். உன் மாமா பைக்குக்கும் அங்கேதான், அது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

பட்டாபிராமில் ஜெகன் என்று ஒரு மெக்கானிக். அவரிடம் காட்டினேன். பிளக் மாற்றினார். நன்றாக ஓடியது. திரும்ப நின்றது. பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பார்த்தார். நன்றாக ஓடியது. திரும்ப நின்றது. "யம்மா, இந்த வண்டி எங்கைல வந்தா நல்லாத்தான் கீது, உங்க கைக்குப் போனாத்தான் இன்னாமோ ஆவுது" என்கிறார். உன் கூட்டத்தில் எல்லாருக்கும் இதே பேச்சுதானா?

இப்போது கேள். நானே கண்டுபிடித்துவிட்டேன். வண்டி நிற்பது எல்லாம் சனிக்கிழமை. நான் மறதியில் சொல்லவில்லை, யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஆவடி மார்க்கெட்டில் நின்றது சனிக்கிழமை. வித்யாவைக் காலேஜில் விடப் போய் நின்றது சனிக்கிழமை. திங்கள் செவ்வாயில் திருவள்ளூர் வரை வெண்ணெய் மாதிரி போய் வருகிறது. நிச்சயதார்த்தம் மட்டும்தான் ஞாயிற்றுக்கிழமை, அதற்கு முதல் நாளும் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

ஜோசியரிடம் போனேன். வண்டி நம்பரைக் கேட்டார், கறுப்பு நிறமா என்று கேட்டார், ஆமாம் என்றேன். சனி பார்வை என்றார். எள் விளக்கு போடச் சொல்லியிருக்கிறார். போடுகிறேன். நீ உன் பங்குக்கு அங்கே ஏதாவது கோயிலில் போடு.

பூங்காவனம்

முகப்பேர்
9.12.2024

அக்கா,

தலையில் அடித்துக்கொண்டேன். ரேணுகா ஓடிவந்து என்னவென்று கேட்டாள், கடிதத்தை அவளிடம் கொடுத்தேன், அவளும் அடித்துக்கொண்டாள்.

சனி பகவானுக்கு இத்தனை கோடி பேரைப் பார்க்கிற வேலை இருக்கிறது. வேப்பம்பட்டில் ஒரு காரின் எஞ்சினுக்குள் வந்து உட்கார அவருக்கு நேரமில்லை. எஞ்சினுக்குக் கிழமை தெரியாது. காற்றும் பெட்ரோலும் நெருப்பும் சரியாகச் சேர்ந்தால் ஓடும், ஒன்று குறைந்தால் நிற்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த சாஸ்திரம்.

ஆனால் நீ எழுதினதில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஜோசியருக்குக் கொடுத்த தட்சிணை தண்டம், நீ கவனித்தது தண்டமில்லை. சனிக்கிழமைதான் நிற்கிறது என்றால், வெள்ளிக்கிழமை யாரோ என்னவோ செய்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறவள் நீ. வாசல், கொல்லை, பாத்ரூம், கட்டில் கால் வரைக்கும் கழுவுவாய். வண்டியையும் ஓஸ் பைப் வைத்துப் பானெட்டுக்குள் எல்லாம் அடிக்கிறாய், அப்படித்தானே? இது உன் பழைய மாட்டுக்கொட்டகை இல்லை அக்கா. உள்ளே நூறு ஒயர். தண்ணீர் போனால் மறுநாள் முழுக்க ஈரம் காயாமல் முரண்டு பிடிக்கும். திங்கட்கிழமை காய்ந்ததும் ஓடும். கணக்கு சரியாக வருகிறதா இல்லையா?

உண்மையை எழுது. வெள்ளிக்கிழமை வண்டியை என்ன செய்கிறாய்? ஒன்றுவிடாமல் எழுது. இந்த ஒருமுறை கதையாகவே எழுது, படிக்கிறேன்.

வரதன்

வேப்பம்பட்டு
16.12.2024

வரதனுக்கு,

என்னை என்னவென்று நினைத்தாய்? ஒயர் இருக்கிற இடத்தில் தண்ணீர் ஊற்றுகிற அளவுக்கா நான் புத்தி கெட்டவள்? வெளியே மட்டும் ஈரத்துணி. பானெட்டுக்குள்ளே காய்ந்த துணியால் தூசி தட்டுவதோடு சரி. உன் மாமா சாட்சி. அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார், வேறு வேலையில்லாததால்.

கேட்டாயே என்று எழுதுகிறேன். நீ கொடுத்த வண்டியை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று தெரிந்துகொள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் துடைத்து, நான்கு சக்கரத்துக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பேன். வீட்டுக்குச் சாம்பிராணி போட்டுவிட்டு, அதே தூபக்காலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவேன். வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிடுவேன். அணைத்துப்போட்ட வண்டிக்குப் புகை காட்டினால் அது சவத்துக்குக் காட்டுகிற மாதிரி. உயிரோடு இருக்கும்போதுதான் காட்ட வேண்டும்.

பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் ஒரு கறுப்புக் குழாய் வாய் திறந்துகொண்டிருக்கிறதே, அந்த இடத்தில் தூபக்காலைப் பிடிப்பேன். மற்ற இடத்தில் பிடித்தால் காற்றில் புகை கலைந்துபோகிறது. அங்கே பிடித்தால் ஒரு இழை வெளியே போகாமல் அப்படியே உள்ளே போகிறது. முதல்நாள் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "பாருங்க, அம்மா ஏத்துக்குது" என்று உன் மாமாவிடம் சொன்னேன். அவரும் கும்பிட்டார். சாம்பிராணி தீர்கிறவரை அங்கேதான் பிடித்துக்கொண்டிருப்பேன். நிச்சயத்தன்று காலையிலும் விசேஷமாகப் போட்டேன். ஜோசியர் சொன்ன பிறகு குங்கிலியமும் சேர்க்கிறேன்.

இவ்வளவு செய்தும் நிற்கிறது என்றால் குற்றம் வண்டியிலா, என் கையிலா? நீயே சொல்லு.

பூங்காவனம்

முகப்பேர்
20.12.2024

அக்கா, என் தெய்வமே,

உன் கடிதத்தை ஒர்க்‌ஷாப்பில் வைத்துப் படித்தேன். "அம்மா ஏத்துக்குது" என்ற இடத்தில் நான் போட்ட சத்தத்தில் முதலாளி கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

அது வண்டியின் மூக்கு அக்கா. எஞ்சின் அந்தக் குழாய் வழியாகத்தான் மூச்சு இழுக்கிறது. நீ அங்கே எதைப் பிடித்தாலும் உள்ளே இழுக்கும். சாம்பிராணி பிடித்தால் சாம்பிராணியை இழுக்கும், சுருட்டைப் பிடித்தால் சுருட்டை இழுக்கும். அதில் பக்தியும் இல்லை, அருளும் இல்லை.

அந்தக் குழாயில் உள்ளே தள்ளி ஒரு சென்சார் இருக்கிறது. முடி மாதிரி மெல்லிய கம்பி. எவ்வளவு காற்று வருகிறது என்று அளந்து சொல்கிற வேலை அதற்கு. அது சொல்கிற கணக்குக்குத்தான் எஞ்சின் பெட்ரோலைக் கொடுக்கும். வழியில் வடிகட்டி இருக்கிறது, தூசியைப் பிடிக்கும், ஆனால் புகையைப் பிடிக்காது. சாம்பிராணி என்பது என்ன? மரத்துப் பிசின். குங்கிலியமும் பிசின். அந்தப் புகை கம்பியின் மேல் படிந்து பிசுக்காக ஒட்டிக்கொள்கிறது. கம்பி காற்றைக் குறைத்துச் சொல்கிறது. எஞ்சின் பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கிறது. நிற்கிறது. வாரம் முழுக்க ஓட ஓட அந்தக் கம்பியின் சூட்டில் பிசின் கொஞ்சம் கொஞ்சமாகத் தீய்ந்து போகிறது, வண்டி தெளிகிறது. வெள்ளிக்கிழமை நீ தூபக்காலோடு திரும்ப வந்துவிடுகிறாய். வண்டி நிற்க நிற்க நீ புகையைக் கூட்டினாய், நீ கூட்டக் கூட்ட வண்டி நின்றது. இதற்கு முடிவு எங்கே?

ஜெகனிடம் சொல், சென்சாரைக் கழற்றி அதற்கென்று விற்கிற ஸ்பிரேயால் சுத்தம் செய்யட்டும். துணியால் தொடக் கூடாது, கம்பி அறுந்துவிடும். அப்புறம் வெள்ளிக்கிழமை வண்டியிடம் போகாதே.

சந்தோஷமாகச் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷம் உழைத்து நான் உயிர் கொடுத்த வண்டியை நீ புகை போட்டு மூச்சுமுட்ட வைத்துவிட்டு, ஊர் கூடின இடத்தில் என்னைத் தலைகுனிய வைத்தாய். எனக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். ஹேமாவதி அம்மாவிடம் போய்ச் சொல்லு. எந்த வாயால் ஓட்டை வண்டி என்று சொன்னாயோ அதே வாயால் சொல்லு. அப்புறம் பார்க்கலாம், கல்யாணத்துக்கு வருவதா வேண்டாமா என்று.

வரதன்

வேப்பம்பட்டு
24.12.2024

வரதனுக்கு,

நன்றாக இருக்கிறது. உன் வண்டி நின்றதற்குக் காரணம் என் சாமியா? நாளைக்கு வீட்டில் கரண்ட் போனால் என் விளக்கைத்தான் சொல்வாய்.

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சாம்பிராணி போடுகிறோம். மாடு செத்ததா? குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிப் புகை காட்டுகிறோம், குழந்தைக்கு மூச்சு நின்றதா? உன் தலைமுடிக்கே நான் எத்தனை தடவை காட்டியிருக்கிறேன், நீ நின்றுபோனாயா? இந்த ஜெர்மன்காரனின் கம்பிக்கு மட்டும் ஆகாதாம். அவ்வளவு சொகுசு பார்க்கிற வண்டியை என் வாசலில் ஏன் கொண்டுவந்து நிறுத்தினாய்?

வெள்ளிக்கிழமைப் புகையை நிறுத்தமாட்டேன். மார்கழி மாதம் வேறு. சம்பந்தி வீட்டில் போய், "நான்தான் வண்டியைக் கெடுத்தேன்" என்று நிற்கவும் மாட்டேன். பெண்ணைக் கொடுக்கிற இடம் அது. "இந்தம்மாவுக்கு இதுகூடத் தெரியாதா" என்று நாளைக்கு என் மகளைத்தான் சொல்லிக் காட்டுவார்கள்.

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு வைத்தாயிற்று. அடுத்தது தாய்மாமனுக்கு. உனக்குத் தட்டு வைக்காமல் வேறு ஒரு வீட்டுப் படியும் ஏற முடியாது. மற்றதெல்லாம் கட்டுப் பிரிக்காமல் பீரோ மேல் கிடக்கிறது. தை பிறந்ததும் ஊரெல்லாம் கேட்பார்கள். வித்யா, "மாமா வராம நான் மணைல குந்த மாட்டேன்" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு ஒரு கம்பி பெரிதாகிவிட்டது.

பூங்காவனம்

முகப்பேர்
28.12.2024

அக்கா,

கம்பி பெரிதில்லை. அன்றைக்கு நான் நின்ற இடம்தான் எனக்குப் பெரிது. கையில் சாம்பார் வாளியோடு நின்றேன். நீ அந்த வார்த்தையைச் சொன்னதும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டான், எனக்காக வெட்கப்பட்டு. அது உனக்குத் தெரியுமா?

உன் சாமியை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் வண்டியை அணைத்துவிட்டுப் புகை காட்டிப் பார். யாரிடமும் சொல்ல வேண்டாம், என்னிடமும் சொல்ல வேண்டாம். இஷ்டமில்லையென்றால் விடு. ஸ்ரீகாந்த் வாடகை வண்டியிலேயே வரட்டும்.

தட்டை வேறு யாராவது பங்காளிக்கு வைத்துவிட்டு ஆகவேண்டியதைப் பார். வித்யாவிடம் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். இனி எழுதாதே, நானும் எழுதமாட்டேன். எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது, உனக்குப் புரியவும் இல்லை.

வரதன்

முகப்பேர், உன் வீட்டுக்குக் கீழே
18.1.2025

வரதா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நான் உனக்கு அக்கா, நீ எனக்கு அக்கா இல்லை.

உன் கடைசிக் கடிதம் வருவதற்கு முந்தின நாளே உன் மாமா ஒரு வேலை செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூபக்காலைக் காணோம். வீடெல்லாம் தேடினேன். அவரும் என்னோடு சேர்ந்து தேடினார். கட்டிலுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தார், அவ்வளவு நடிப்பு! அந்தச் சனிக்கிழமை வண்டி நிற்கவில்லை. அடுத்த வெள்ளியும் தூபக்கால் கிடைக்கவில்லை. சனிக்கிழமை ஆவடி போய் வந்தேன், நிற்கவில்லை. எள் விளக்கு வேலை செய்கிறது என்றேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது கோணிப்பையில் சுற்றின தூபக்கால் கிடைத்தது. அவரைப் பிடித்துக்கொண்டேன். "நீ எழுதறத எல்லாம் போஸ்ட் பண்றது யாரு, நாந்தான? வர்றத மட்டும் படிக்க மாட்டனா?" என்றார். இவ்வளவு நாளில் அவர் என்னை எதிர்த்துப் பேசினது அதுதான் முதல் தடவை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. அன்றைக்கே வண்டியை ஓடவிட்டு, கை நிறையச் சாம்பிராணி அள்ளிப் போட்டு, அதே இடத்தில் பிடித்தேன். மறுநாள் பட்டாபிராம் தாண்டவில்லை. நின்றுவிட்டது.

ஜெகன் வந்து, நான் சொன்னதும் நீ எழுதின அந்த சென்சாரைக் கழற்றினார். சின்னதாக, விரல் நீளம். உள்ளே பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று இருந்தது. "இது இன்னா கறைன்னே தெர்லியேம்மா" என்றார். வாங்கி மோந்து பார்த்தேன். எங்கள் பூஜையறை வாசம். வேறு யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் வரதா. ஜெகன் பயந்துபோய் சோடா வாங்கி வந்தார். அப்புறம் நீ எழுதினபடியே ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்து மாட்டினார்.

நேற்று வெள்ளிக்கிழமை. புகையை வீட்டோடு நிறுத்திக்கொண்டேன். இன்று காலையில் வித்யாவை ஏற்றிக்கொண்டு வேலப்பன்சாவடி போனேன். சனிக்கிழமைதான், வேண்டுமென்றேதான். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வந்தபோது அம்மனை வேண்டிக்கொண்டேன். வண்டி கண்டுகொள்ளாமல் போனது.

சம்பந்தி அம்மாவைக் கூப்பிட்டுக் காரில் உட்காரவைத்து, பூந்தமல்லி வரை ஒரு சுற்று போய் வந்தேன். ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு முடியவில்லை, ரோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். புகை, குழாய், பிசின், அம்மா ஏற்றுக்கொள்கிறாள் என்று நான் கும்பிட்டது, ஒன்றும் மறைக்கவில்லை. அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் இன்வர்ட்டருக்குப் போட்டுகினுதான் கீறேன், இன்னும் ஒண்ணும் ஆவல" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அப்ப அந்தத் தம்பி மேல தப்பே இல்லியா? அன்னிக்கி எங்களுக்கெல்லாம் சாம்பார் ஊத்திட்டு அவரு சாப்டாமப் போனாரேம்மா" என்றார்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். இந்தத் தடவை வண்டி நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன். நீ போனாய் என்றுதான் இத்தனை நாளும் எனக்குக் கோபம். பசியோடு போனாய் என்று அந்த அம்மா சொல்லித்தான் எனக்கு உறைத்தது. நான் அன்றைக்குப் பாயசம்வரை சாப்பிட்டேன்.

மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டுவது நீயாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஸ்ரீகாந்தே சொன்னான்.

அங்கிருந்து நேராக இங்கேதான் வருகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். தட்டு பின் சீட்டில் இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, பூ, பழம், பத்திரிகை எல்லாம் வைத்திருக்கிறேன். மேலே எடுத்து வந்து வைப்பதுதான் முறை. ஆனால் உன் வாசலில் வந்து ஊமை மாதிரி நின்று தட்டை நீட்ட எனக்கு மனசு வரவில்லை. முறைப்படி வாய் திறந்து கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் சத்தியம் போய்விடும்.

பூசாரியிடம் கேட்டேன். கற்பூரம் அடித்ததை மாற்றப் பரிகாரம் கிடையாது, அம்மன் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள் என்றார். நான் எதற்குப் பயப்படுவேன், எதற்குப் பயப்படமாட்டேன் என்று உனக்குத் தெரியும். வழியெல்லாம் யோசித்தேன். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் முடிவு செய்துவிட்டேன்.

இதை வித்யாவிடம் கொடுத்து மேலே அனுப்புகிறேன். படித்துவிட்டு பால்கனியில் வந்து நில். நான் கீழேயிருந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கூப்பிடுவேன். அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ இறங்கி வா.

அக்கா